மூன்று இறக்கை பிறந்த கதை

டென்மார்க்கில் அஸ்கோவ் என்ற ஊர். அங்கிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் ஜன்னல் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டியிருந்தது. பிள்ளைகள் பந்தடித்து உடைத்த கண்ணாடிகள் அல்ல. இயற்பியல் வாத்தியார் பொவுல் லா கூர் புண்ணியம். 1891-ல் அரசாங்கத்திடம் பணம் வாங்கிப் பள்ளி வளாகத்திலேயே ஒரு காற்றாலை கட்டியிருந்தார் அவர். காற்று அடித்தால் மின்சாரம் வந்தது, நின்றால் நின்றது. பேட்டரிக்கு அன்று யானை விலை. எனவே வருகிற மின்சாரத்தைத் தண்ணீருக்குள் விட்டு, ஹைட்ரஜனைத் தனியே பிரித்துத் தொட்டியில் சேர்த்துவைத்து, அதை எரித்துப் பள்ளிக்கு வெளிச்சம் கொடுத்தார். வாயு கொஞ்சம் தப்பாகக் கலந்தால் வெடிக்கும். வெடிக்கவும் செய்தது. ‘பசுமை ஹைட்ரஜன்’ என்று இன்று மாநாடு போட்டுப் பேசுகிறார்களே, அதைத்தான் அந்த மனிதர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்துவிட்டார்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாகர்கோவில் போகிறவர்கள் எல்லோரும் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்க்கிற வெள்ளைக் காற்றாலைக்கு மூன்று இறக்கை இருக்கிறது. குஜராத்திலும் மூன்று, டெக்சஸிலும் மூன்று, சீனாவிலும் மூன்று. உலகம் முழுக்க ஒரே அச்சில் வார்த்தது போன்ற அந்த உருவத்தின் பூர்வீகம் டென்மார்க். அதைப் பெற்றெடுத்தவர்களில் வாத்தியார், தச்சர், கொல்லர், பள்ளி மாணவர்கள் எல்லாம் உண்டு. பெரிய விமானக் கம்பெனிகள் இல்லை. அந்தக் கம்பெனிகளும் முயன்றன. அவை என்ன ஆயின என்பதைப் பிறகு பார்ப்போம்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுத்த முதல் ஆள் லா கூர் அல்ல. 1887-ல் ஸ்காட்லாந்தின் மேரிகர்க் கிராமத்தில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் துணிப்பாய் கட்டிய காற்றாலை ஒன்றை நிறுத்தித் தன் வீட்டுக்கு விளக்கு போட்டுக்கொண்டார். மிச்சமான மின்சாரத்தில் ஊர்த் தெருவுக்கும் விளக்குப் போட்டுத் தருகிறேன் என்றார். மின்சாரம் சாத்தானின் வேலை என்று ஊர்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள். அதற்கு அடுத்து அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் சார்லஸ் பிரஷ் என்ற பணக்காரர் தன் மாளிகைத் தோட்டத்தில் 144 இறக்கைகள் கொண்ட ராட்சத எந்திரம் ஒன்றைக் கட்டினார். அவ்வளவு பெரிய எந்திரம் தந்தது 12 கிலோவாட்தான். அது அவர் மாளிகைக்கு மட்டும் எரிந்தது.

லா கூர் இவர்களிலிருந்து விலகியது இரண்டு இடங்களில். முதலாவது, கணக்கு. காற்றுச் சுரங்கம் ஒன்றைத் தானே செய்து, அதில் சின்னச் சின்ன இறக்கைகளை வைத்துச் சோதித்து, இறக்கை குறைந்து வேகம் கூடினால்தான் மின்சாரத்துக்கு நல்லது என்று கண்டுகொண்டார். இரண்டாவது, ஊர். அஸ்கோவ் பள்ளி சாதாரணப் பள்ளிக்கூடம் அல்ல. குருண்ட்விக் என்ற பாதிரியாரின் சிந்தனையில் பிறந்த மக்கள் உயர்பள்ளி. தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது, உழவர் வீட்டுப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிப்பார்கள். அங்கே 1904-லிருந்து கிராமத்து எலெக்ட்ரீஷியன்களுக்கு வகுப்பு நடத்தினார் லா கூர். 1905-ல் காற்று மின்சாரத்துக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். 1918 வாக்கில் டென்மார்க்கின் கிராமப்புற மின் நிலையங்களில் சுமார் 120 இடங்களில் காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்துக் கிராமம் சாத்தான் என்று சொன்னதை டென்மார்க் கிராமங்கள் சொந்தத் தொழிலாக எடுத்துக்கொண்டன.

அந்த முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் யோஹானெஸ் யூல் என்ற பதினேழு வயதுப் பையன்.

யூல் பிற்பாடு மின்வாரியம் போன்ற ஒரு நிறுவனத்தில் பொறியாளராக வேலை பார்த்தார். அறுபதை எட்டிய வயதில், இரண்டாம் உலகப் போர் முடிந்து எரிபொருளுக்குத் திண்டாட்டமாக இருந்த காலத்தில், வாத்தியார் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் வந்தது போலும். மறுபடியும் காற்றாலையில் இறங்கினார். இரண்டு சிறிய சோதனைகளுக்குப் பிறகு, 1957-ல் நாட்டின் தென்கோடியில் கெட்ஸர் கடற்கரையில் அவருடைய 200 கிலோவாட் காற்றாலை ஓடத் தொடங்கியது. இன்றைய காற்றாலையின் தாத்தா அதுதான். அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

மூன்று இறக்கைகள், முனைக்கு முனை 24 மீட்டர் வட்டம். உள்ளே எஃகுச் சட்டம், மரத் தாங்கிகள், மேலே அலுமினியத் தகடு. ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கக் குறுக்கே கம்பிகள். பார்க்க அழகில்லை. ஆனால் அதற்குள் மூன்று புத்திசாலித்தனங்கள் இருந்தன. ஜெனரேட்டருக்கு யூல் எடுத்துக்கொண்டது, நம் பம்ப்செட்டில் ஓடுகிறதே, அதே இண்டக்‌ஷன் மோட்டார் வகை. அதைக் கம்பியில் இணைத்து, அதன் இயல்பான வேகத்தைவிடச் சற்றே கூடுதலாகச் சுற்றிவிட்டால் மின்சாரத்தைத் தின்பதை விட்டுவிட்டு மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை மின்கம்பியே பிடித்து வைத்துக்கொள்ளும். தனியாக ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டாம். அடுத்தது, புயல். காற்று அளவுக்கு மீறி அடித்தால் எந்திரம் எரிந்துபோகும். அதைத் தடுக்க இறக்கையைத் திருப்பும் நுட்பமான பொறிகளைப் பலர் யோசித்தார்கள். யூல் இறக்கையை அசையாமல் இறுக்கிப் பூட்டினார். அதன் வளைவையும் கோணத்தையும், காற்று ஓர் அளவைத் தாண்டினால் இறக்கையின் முதுகிலிருந்து பிய்த்துக்கொண்டு கலைந்துபோகும்படி வைத்தார். காற்று கூடக்கூட விசை கூடாமல் தானாகவே அடங்கிவிடும். மூன்றாவது, அதையும் மீறி வேகம் எகிறினால்? இறக்கை நுனிகள் மட்டும் குறுக்கே திரும்பிக் காற்றை எதிர்த்து நின்று பிரேக் போடும்.

பெரிதாகப் பழுது பார்க்காமலே பத்தாண்டு ஓடியது கெட்ஸர் எந்திரம். 1967-ல் நிறுத்தினார்கள். மத்தியக் கிழக்கிலிருந்து எண்ணெய் தண்ணீர் மாதிரி வந்துகொண்டிருந்த காலம் அது. கெட்ஸரின் கணக்கை யாரும் இரண்டாம் தடவை போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் யூலும் காலமானார்.

இன்னும் ஓர் ஐந்தாறு வருடம் இருந்திருந்தால் அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கின. தன் எரிசக்தித் தேவையில் சுமார் 90 சதவீதத்துக்கு எண்ணெயை நம்பியிருந்த டென்மார்க் தத்தளித்தது. அந்த நவம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை; நெடுஞ்சாலைகளில் மக்கள் சைக்கிளில் போனார்கள். மின் நிறுவனங்களும் அரசாங்கமும் அணு உலை கட்டலாம் என்றன. மக்களில் பெரும் பகுதி வேண்டாம் என்றது. சிரிக்கும் சூரியன் படம் போட்டு ‘அணுசக்தியா? வேண்டாம், நன்றி’ என்று எழுதிய அந்த ஸ்டிக்கர் 1975-ல் டென்மார்க்கில் பிறந்து உலகெங்கும் போனது. வேண்டாம் என்று சொல்வது எளிது. வேறென்ன என்ற கேள்வி வரும். ஸ்டிக்கர் ஒட்டிய கையோடு அதற்கும் பதில் தேடினார்கள் என்பதுதான் அந்த நாட்டு மக்களிடம் எனக்குப் பிடித்த விஷயம்.

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் கிறிஸ்டியன் ரீஸாகர் என்று ஒரு தச்சர். கெட்ஸர் எந்திரத்தின் முறையைச் சிறிதாக்கி, கடையில் கிடைக்கிற உதிரிபாகங்களை வைத்துத் தன் வீட்டுப் பக்கத்திலேயே காற்றாலை செய்தார். 22 கிலோவாட் மாடல் ஒன்று தேறியது. அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கினார்கள். உல்ஃப்போர்க் அருகே ட்விண்ட் என்ற பள்ளிக் கூட்டமைப்பின் ஆசிரியர்கள் அதற்கு நேர் எதிராக, உலகிலேயே பெரிய காற்றாலை கட்டுவது என்று கிளம்பினார்கள். சம்பளத்தைப் பொதுவில் போட்டுப் பணம் திரட்டினார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் வந்துசேர்ந்த தன்னார்வலர்களுமாகச் சேர்ந்து 53 மீட்டர் கான்கிரீட் கோபுரத்தை எழுப்பினார்கள். ஜெனரேட்டர் ஸ்வீடனில் ஒரு காகித ஆலையிலிருந்து கழித்துப்போட்டது. கியர்பாக்ஸும் பழையதுதான், ஒரு சுரங்கத்திலிருந்து வந்தது. 54 மீட்டர் வட்டம் கொண்ட இறக்கைகளை ஃபைபர் கிளாஸ் இழையைக் கையாலேயே அடுக்கி வார்த்தார்கள். 1978 மார்ச்சில் அது சுற்றியது. வாரக் கடைசிகளில் ஊர் ஊராக வந்து பார்த்தார்கள். அந்தப் பள்ளி அமைப்பின் தலைமை பிற்காலத்தில் பண விவகாரங்களில் நீதிமன்றப் படியேறியது வேறு கதை. காற்றாலை அதற்கெல்லாம் பொறுப்பில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றியது.

ட்விண்ட்காரர்கள் செய்த இன்னொரு காரியம்தான் முக்கியமானது என்பேன். சிறிய இறக்கை வார்க்கும் அச்சை ரகசியமாகப் பூட்டி வைக்காமல் வெளியே கொடுத்தார்கள். எரிக் குரோவ்-நீல்சன் என்பவர் அதை வைத்துப் பண்ணைக் கொட்டகையில் இறக்கைகளை வார்த்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் விற்றார். காற்றாலையில் செய்வதற்குக் கடினமான உறுப்பு இறக்கை. அது கடையில் கிடைக்கும் என்றான பிறகு மீதியை யாரும் செய்யலாம். கார்ல் எரிக் யோர்கென்சன் என்ற கொல்லரும், இருபதைத் தாண்டியிருந்த ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் அந்த இறக்கையை வாங்கிப் பொருத்தி மூன்று இறக்கை எந்திரம் ஒன்றை உருவாக்கினார்கள். 1979-ல் அதன் உரிமையை லெம் என்ற சிற்றூரிலிருந்த ஒரு நிறுவனம் வாங்கியது. பண்ணை வண்டி, பால் குளிரூட்டி, லாரியில் மாட்டும் கிரேன் செய்துகொண்டிருந்த பட்டறை. 1898-ல் ஒரு கொல்லரால் தொடங்கப்பட்டது. பெயர் வெஸ்டாஸ். இன்று உலகின் மிகப் பெரிய காற்றாலை நிறுவனங்களில் ஒன்று. போட்டிக்கு வந்த போனுஸ் பாசன உபகரணம் செய்தவர்களுடையது. நோர்டாங்க் டேங்கர் லாரி செய்தவர்களுடையது. எல்லாம் பட்டறைக்காரர்கள். கனமாகச் செய்தார்கள், எளிமையாகச் செய்தார்கள், உடைந்தால் வெல்டிங் வைத்து அடுத்ததைக் கொஞ்சம் தடிமனாகச் செய்தார்கள்.

இதே நேரத்தில் மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் நாசா, போயிங் உள்ளிட்ட பெரிய கம்பெனிகளை வைத்துக்கொண்டு மெகாவாட் எந்திரங்களில் நேராக இறங்கியது. நின்றுபோயிருந்த கெட்ஸர் எந்திரத்தைச் சில ஆண்டுகள் மறுபடி ஓட்டி அளவெடுக்கவும் அமெரிக்கப் பணம்தான் உதவியது. அளவெடுத்துவிட்டு அவர்கள் கட்டியது என்னவோ இரண்டு இறக்கை. இலகுவாக, நுட்பமாக, விமானம் மாதிரி. ஜெர்மனி 1983-ல் குரோவியான் என்று 3 மெகாவாட், 100 மீட்டர் வட்டத்தில் ஒரு பூதத்தை நிறுத்தியது. 1987-ல் மூடும்வரை அது ஓடிய மொத்த நேரம் சுமார் 420 மணி. கூட்டிப் பார்த்தால் மூன்று வாரம்கூடத் தேறாது. உலோகம் அசதி தாங்காமல் விரிசல் விட்டது. டென்மார்க்கின் 22 கிலோவாட், 30 கிலோவாட், 55 கிலோவாட் எந்திரங்கள் உடைந்து, திருந்தி, பெருத்து, மெல்ல மெகாவாட்டுக்கு வந்து சேர்ந்தன. படிக்கட்டில் ஏறியவர்கள் மேலே போனார்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. அந்தப் படிக்கட்டைக் கட்டியவர்கள் வாங்கியவர்கள்தான்.

1978-ல் காற்றாலை வாங்கியவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் பத்திரிகை மாதாமாதம் ஒரு பட்டியல் போட்டது: எந்த ஊரில், எந்தக் கம்பெனி எந்திரம், இந்த மாதம் எத்தனை யூனிட், என்ன பழுது. விளம்பரத்தில் என்ன சொன்னாலும் அடுத்த மாதப் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும். பிரேக் ஒன்று போதாது, ஒன்றையொன்று சாராத இரண்டு வேண்டும் என்று வற்புறுத்தியதும் அந்தச் சங்கம்தான். கத்துக்குட்டிக் கம்பெனிகள் அந்தப் பட்டியலுக்குப் பயந்தே திருந்தின அல்லது கடையை மூடின. இப்படி ஒரு பட்டியல் நம் ஊரில் ஏதாவது ஒரு பொருளுக்கு வந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

அரசாங்கம் தொடக்கத்தில் செய்தது இரண்டு காரியம், இரண்டும் உருப்படியானவை. 1979-லிருந்து காற்றாலை வாங்குகிறவருக்கு விலையில் 30 சதவீதம் மானியம். ஆனால் ரிசோ ஆய்வு நிலையம் சோதித்துச் சான்று கொடுத்த மாடலுக்கு மட்டுமே. ரிசோ என்பது அணுசக்திக்காக நீல்ஸ் போர் முன்னின்று உருவாக்கிய ஆய்வுக்கூடம். அணு உலைக்குப் படித்தவர்கள் கொல்லர் பட்டறை எந்திரங்களுக்கு மார்க் போட உட்கார்ந்தார்கள். 1985-ல் டென்மார்க் நாடாளுமன்றம் அணு மின்சாரத்தைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது.

இடையில் ஒரு பெரிய வீழ்ச்சி. வரிச்சலுகையால் கலிஃபோர்னியாவில் 1980-களின் தொடக்கத்தில் காற்றாலைக் கிறுக்கு பிடித்து, ஆயிரக்கணக்கில் டென்மார்க் எந்திரங்கள் கப்பலேறின. 1985 முடிவில் சலுகை போனது. மறு ஆண்டே வெஸ்டாஸ் திவாலாகிப் பிறகு புதுப்பெயரில் எழுந்தது. அந்தக் காலத்தில் டென்மார்க் எந்திரங்களைத் தாங்கிப் பிடித்தவர்களில் உள்ளூர்க்காரர்கள் முக்கியமானவர்கள். ஒரு காற்றாலை வாங்க ஓர் உழவரிடம் பணம் இருக்காது. அக்கம்பக்கத்தார் பத்து இருபது பேர் சேர்ந்து குழு அமைத்துப் பங்கு போட்டு வாங்கினார்கள். பங்கு வாங்க அந்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும். பங்கின் அளவு வீட்டுத் தேவையை ஒட்டி இருக்க வேண்டும். குறிப்பிட்ட வருமானம்வரை வரி இல்லை. 1990-களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டென்மார்க் குடும்பங்களுக்குக் காற்றாலையில் பங்கு இருந்தது. தலைநகர் கோப்பன்ஹேகனை ஒட்டிய கடலில் 2000-ல் நிறுத்திய மிடில்குருண்டன் காற்றாலைகள் இருபதில் பாதி, சுமார் 8,500 பேர் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தம்.

இதில் எங்கேயும் பருவநிலை மாற்றம் என்ற பேச்சு வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வரவில்லைதான். எண்ணெய்ப் பயம், அணு உலைப் பயம், பக்கத்து வீட்டுக்காரனின் மீட்டர் குறைவாக ஓடுகிறதே என்ற ஆசை, இவைதான் அவர்களை இழுத்தன. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 1988-ல்தான் அமைந்தது. 1990-ல் கரியமில வாயுவை 2005-க்குள் 20 சதவீதம் குறைப்போம் என்று டென்மார்க் திட்டம் போட்டபோது, அதைக் கேட்ட மக்களுக்கு அது தலைக்கு மேல் போகிற விஞ்ஞானமாக இருக்கவில்லை. அடுப்பங்கரை வரை வந்துவிட்ட விஷயம். பனிக்கரடிப் படம் காட்டிப் புரியவைப்பதைவிட ஒரு பங்குப் பத்திரம் காட்டிப் புரியவைப்பது சுலபம் என்று நான் நம்புவது இந்தக் கதையை வைத்துத்தான். இன்று அந்த நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. 1991-ல் விண்டெபி என்ற ஊரை ஒட்டிய கடலில் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை நிறுத்தியதும் அவர்கள்தான். 450 கிலோவாட் எந்திரங்கள் பதினொன்று. செய்து கொடுத்த போனுஸ் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர், முன்பு கொல்லரோடு கைகோத்த அதே ஸ்டீஸ்டால்.

நம் ஊருக்கு வந்த கதை சின்னது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்த மண்ணுக்குக் காற்றின் அருமை புதிதல்ல, எந்திரம்தான் புதிது. 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் சோதனைக் காற்றாலைகள் வந்தன. பிறகு டென்மார்க் அரசின் உதவி அமைப்பான டானிடாவின் துணையோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் நின்றன. வெஸ்டாஸும் மைக்கான் என்ற இன்னொரு டென்மார்க் கம்பெனியும் இந்தியக் கூட்டாளிகளோடு இங்கேயே தொழில் தொடங்கின. கயத்தாற்றில் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையத்துக்குக் கைகொடுத்ததும் ரிசோ ஆட்களே. எந்திரம் அப்படியே வந்தது. வராதது பங்கு. இங்கே காற்றாலையை நிறுத்தியது, வாங்கிய முதல் ஆண்டே முழு விலையையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற வருமான வரிச் சலுகை. அதனால் நூற்பாலைகளும் கம்பெனிகளும் வாங்கின. அதைக் குறை சொல்ல மாட்டேன். கோவை, ராஜபாளையம் மில்கள் மின்வெட்டைத் தாண்டி ஓடியதில் அந்தக் காற்றுக்குப் பங்குண்டு. தமிழ்நாடு 10,000 மெகாவாட்டைத் தாண்டியதும் அந்த வழியில்தான். ஆனால் ஆரல்வாய்மொழிக்காரருக்கும் கயத்தாற்றுக்காரருக்கும் காற்றாலை என்பது நிலம் விற்ற இடம், வாட்ச்மேன் வேலை, சினிமா பாட்டு எடுக்கிற பின்னணி. யூனிட் கணக்கை அவர் மாதாமாதம் எடுத்துப் பார்க்கக் காரணமே இல்லை.

இப்போது ஒரு சந்தர்ப்பம் வந்திருக்கிறது. தொண்ணூறுகளில் நிறுத்திய 200, 250 கிலோவாட் எந்திரங்களுக்கு வயதாகிவிட்டது. அவற்றை இறக்கிவிட்டுப் பெரியவை நிறுத்த 2024-ல் தமிழ்நாடு அரசு கொள்கையே வெளியிட்டிருக்கிறது. நாட்டிலேயே நல்ல காற்று வீசும் இடங்கள் அவை. டென்மார்க்கில் 2009-லிருந்து ஒரு சட்டம் இருந்தது: புதிதாகக் காற்றாலை நிறுத்துகிறவர் 20 சதவீதப் பங்கையாவது, முதலில் நாலரை கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களுக்கு வாங்கக் கொடுத்தாக வேண்டும். 2020-ல் அதை மாற்றி, பக்கத்தில் குடியிருக்கும் வீட்டாருக்கு ஆண்டுதோறும் போனஸ் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டில் எதுவானாலும் சரி. பழைய எந்திரத்தை இறக்கிப் புதியதற்கு அனுமதி கேட்டு வருகிறவரிடம், நிலம் யாருடையது, கம்பி எங்கே போகிறது என்ற கேள்விகளோடு, பக்கத்து ஊருக்கு எத்தனை பங்கு என்ற கேள்வியையும் மின்வாரியம் சேர்த்துக் கேட்க வேண்டும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் உள்ள ஊராட்சிகள் அதைக் கிராம சபைத் தீர்மானமாகவே போட்டு அனுப்பலாம்.